நல்லா இருக்கற ரோட்டுக்கு எதுக்கு காசு? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, "மோசமான ரோடா பாத்து பாத்து சரி பண்ணிட்டே இருக்கற நகரம், கடைசியில நல்ல ரோட்டையும் சேத்து கெடுத்துக்கும்"னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த தடவை இத்தனை கடிதம். பாதிப் பேர் கோபமா எழுதியிருக்கீங்க, அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு. நகர ரோடு வேலையில ரொம்ப வருஷம் இருந்தவன்ங்கறதால எனக்கு இந்த விஷயம் மனசுக்கு நெருக்கமானது, அதனால இந்த இதழ் முழுக்க ரோடு மட்டும்தான்.

கேள்வி: சார், எங்க தெருவுல குழி இல்லாத இடத்தை தேடித்தான் கால் வைக்கணும். ஆனா ரெண்டு தெரு தள்ளி பளபளன்னு இருக்கற ரோட்டு மேல புதுசா ஒரு கோட்டிங் அடிச்சிட்டுப் போறாங்க. கேட்டா "அது பிளான்ல இருக்கு"ன்னு பதில். இது என்ன நியாயம்?

உங்க இடத்துல நான் இருந்தாலும் இதையேதான் கேப்பேன்மா. ஆனா கொஞ்சம் பொறுமையா கேளுங்க, இதுதான் மொத்த விஷயத்துக்கும் அடிப்படை.

தார் ரோடு ஒரே சீரா தேயறது கிடையாது. ரோடு பராமரிப்பு பத்தின எல்லாப் பாடத்துலயும் ஒரு வளைவு வரைஞ்சு காட்டுவாங்க, 20 வருஷத்துக்குன்னு போட்ட ரோடுன்னா முதல் 15 வருஷத்துல அதோட தரம் ஒரு 40 சதவீதம்தான் குறையும், அடுத்த ரெண்டு ரெண்டரை வருஷத்துலயே இன்னொரு 40 சதவீதம் சரிஞ்சுடும். கணக்கு ரோட்டுக்கு ரோடு மாறும், மழை, மண்ணு, வண்டி எல்லாத்தையும் பொறுத்தது, ஆனா வளைவோட வடிவம் மாறாது, ரொம்ப நாள் மெதுவா இறங்கி அப்புறம் பொத்துன்னு விழும். விழறதுக்கு முன்னாடி ஒரு ரூபாய்ல முடியற வேலை, விழுந்த அப்புறம் ஆறு ரூபாய், பத்து ரூபாய்னு ஆயிடும்.

ஏன் அப்படி விழுதுன்னா எல்லாம் தண்ணிதான். தார் வெயில்லயும் காத்துலயும் வருஷக்கணக்கா கிடந்து இறுகிப்போய் நெளிவு இல்லாம ஆயிடும், அப்புறம் மயிரிழை மாதிரி விரிசல் விடும். அந்த விரிசல் வழியா தண்ணி கீழ இறங்கி ஜல்லி அடுக்கை ஊற வெச்சுடும். ஊறின அடுக்கு மேல வண்டி ஏறி இறங்கும்போது தண்ணியோட சேந்து நைசான மண்ணு மேல பீச்சிட்டு வெளிய வரும், உள்ள வெறும் பொந்தா ஆயிடும், அதுக்கு மேல இருக்கற தார் எத்தனை நாள் நிக்கும் சொல்லுங்க. 1816 வாக்குலேயே மக்காடம்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கத்து ரோடுகளுக்கு சர்வேயரா இருந்தப்ப சொன்னதும் இதுதான், பாரத்தை தாங்கறது கீழ இருக்கற மண்ணு, அதை நனையாம பாத்துக்கறதுதான் மேல இருக்கற அடுக்கோட வேலைன்னு.

நீங்க பாத்த அந்த "பளபள" ரோட்டுல விரிசல் ஆரம்பிச்சிருக்கும், நின்னு பாத்தா தெரியாது, குனிஞ்சு பாத்தா தெரியும். இப்பவே அடைச்சு மேல மெல்லிசா ஒரு சீல் கோட், அதாவது தண்ணி இறங்காம தடுக்கற தார்ப் பூச்சு, அடிச்சா இன்னும் சில வருஷம் அப்படியே ஓடும். உங்க தெரு அந்த கட்டத்தை தாண்டிடுச்சு, அங்க மேல எதை ஊத்தினாலும் நிக்காது, தோண்டி அடியில இருந்து போடணும், அந்த ஒரு தெருவுக்கு ஆகற காசுல பல தெருவை விழாம காப்பாத்தலாம்.

இதை நான் கண்ணால பாத்திருக்கேன். நான் வேலைக்கு சேந்த புதுசுல, ஒரு வருஷம் மொத்த பணத்தையும் ரொம்ப கேவலமா இருந்த சில தெருவுக்கே கொட்டினோம், மாலை மரியாதை எல்லாம் நடந்துச்சு, எனக்கே பெருமையா இருந்துச்சு. விரிசல் அடைக்கற வேலைக்கு அந்த வருஷமும் காசு இல்ல, அடுத்த வருஷமும் இல்ல. கொஞ்ச வருஷத்துல அதுவரைக்கும் புகாரே வராத ஒரு பகுதி முழுக்க ஒண்ணா இடிஞ்சு வந்துச்சு, நாங்க சரி பண்ணின தெருவை விட பல மடங்கு நீளம்.

ஆனா இதை சாக்கா வெச்சு உங்க தெருவை கைவிடறதும் தப்பும்மா. பாதிப்பான தெருவுல விழுந்து எந்திரிக்கறவங்களுக்கு வளைவைக் காட்டி பதில் சொல்ல முடியாது. ஒழுங்கான திட்டத்துல ரெண்டு பங்கும் இருக்கும், ஒரு பங்கு நல்ல ரோட்டைக் காப்பாத்த, ஒரு பங்கு செத்துப்போன ரோட்டை வருஷத்துக்கு இத்தனைன்னு திரும்பக் கட்ட. உங்க தெரு அந்த ரெண்டாவது பட்டியல்ல எத்தனாவது இடம், எந்த வருஷம்னு எழுத்துல கேளுங்க. "பிளான்ல இருக்கு"ங்கறது பதிலே இல்ல, வருஷம் சொன்னாத்தான் பதில்.

கேள்வி: நான் ஒரு வார்டு கவுன்சிலர், பேர் போட வேண்டாம். நீங்க சொல்றது பேப்பர்ல சரி. குழி ரோட்டை விட்டுட்டு நல்ல ரோட்டுக்கு செலவு பண்ணினேன்னா அடுத்த தேர்தல்ல நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுக்கு வழி சொல்லுங்க.

வெளிப்படையா எழுதினதுக்கு நன்றிங்க. இந்தக் கடிதத்தை நான் நாலு தடவை படிச்சேன். இன்னிக்கு விரிசல் அடைச்சதுக்கு பலன் வர்றது ஆறேழு வருஷம் கழிச்சு, அதுவும் "எதுவும் நடக்கல"ங்கற ரூபத்துல வரும். உடையாத ரோட்டுக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க, அதுக்கு திறப்பு விழாவும் கிடையாது. இது உங்க தப்பு இல்ல, வேலையோட சுபாவமே அப்படி.

அதனால நீங்க தனி ஆளா இந்தப் பழியை சுமக்கக் கூடாது. முதல்ல நகரத்துல உள்ள எல்லா ரோட்டையும் மார்க் போட வைங்க. பிசிஐன்னு (Pavement Condition Index, ரோட்டோட நிலைமைக்கு போடற மார்க்) ஒரு முறை இருக்கு, 1970கள்ல அமெரிக்க ராணுவத்தோட பொறியியல் பிரிவு உருவாக்கினது, புது ரோடுன்னா 100, ஒண்ணுமே மிச்சம் இல்லன்னா 0. என்ன மாதிரி விரிசல், எவ்வளவு தூரம், எத்தனை ஆழம்னு அளந்து போடற மார்க்கு, கண்ணுக்குத் தோணினதை எழுதறது கிடையாது. அந்த மார்க்கை மேப்ல கலர் கலரா போட்டு மன்றத்துலயும் மக்கள் பாக்கற இடத்துலயும் மாட்டுங்க. அப்புறம் உங்ககிட்ட வந்து "எங்க தெரு ஏன் இல்ல"ன்னு கேக்கறவங்களுக்கு நீங்க மேப்பைக் காட்டலாம். இப்ப உங்ககிட்ட காட்ட ஒண்ணும் இல்ல, அதனாலதான் எல்லாரும் உங்க முகத்தைப் பாத்து கேக்கறாங்க.

அப்புறம் இன்னொண்ணு. வேலை முடிஞ்ச ரோட்டுல ஒரு சின்ன பலகை வைங்க, "இந்த ரோட்டுல விரிசல் அடைச்சாச்சு, அடுத்த பரிசோதனை இந்த வருஷம்"னு. காப்பாத்தின வேலையும் ஜனங்க கண்ணுல படணும் இல்லையா.

கேள்வி: எல்லா வார்டுக்கும் சமமா பணம் பிரிச்சுக் குடுத்துட்டா சண்டையே வராதே?

மன்றத்துல வராது, தெருவுல வரும். ஒரு வார்டுல ரோடு நீளம் குறைச்சல், போட்டு அஞ்சு வருஷம்தான் ஆகுது. இன்னொரு வார்டுல ரெண்டு மடங்கு நீளம், பழைய ரோடு, நாளெல்லாம் லாரி. ரெண்டுக்கும் ஒரே தொகை குடுத்தா அது சமம் மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

சிகாகோவுல இது நடந்திருக்கு. அங்க 50 வார்டு, ஒவ்வொரு கவுன்சிலருக்கும் வருஷத்துக்கு 13 லட்சம் டாலருக்கு மேல ஒரே மாதிரி தொகை, ரோடு, தெருவிளக்கு, நடைபாதைன்னு ஒரு பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்கலாம், அதுக்கு பேரே 'மெனு' பணம். 2017ல அந்த நகர நிர்வாகத்தை கண்காணிக்கற இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் (போலீஸ் இல்ல) தணிக்கை பண்ணி, இந்த சமப் பங்கு வார்டோட உண்மையான தேவைக்கு பொருந்தலன்னு எழுதினாங்க. அதே சிகாகோவுல 2010ல ஒரு வார்டுல, 49வது வார்டுன்னு நினைவு வெச்சுக்குங்க, கவுன்சிலர் அந்தப் பணத்தை எதுக்கு செலவு பண்ணலாம்னு குடியிருக்கறவங்களையே ஓட்டு போட வெச்சார், அது நல்ல காரியம். ஆனா ஓட்டெடுப்பும் அளவெடுப்புக்கு பதிலா வந்துடக் கூடாது, சத்தமா கேக்கத் தெரியாத தெருவும் ஒரு நகரத்துல இருக்கு. புகார் எண்ணிக்கையை வெச்சு பட்டியல் போட்டா போன் பண்ண நேரம் இருக்கறவங்க தெரு மேல வரும், ரெண்டு ஷிஃப்ட் வேலை பாக்கறவங்க தெரு கீழ போயிடும். இதை நான் எங்க பேசினாலும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

கேள்வி: நான் டூவீலர்ல போறவன். ரோட்டை உடைக்கறது லாரி, வரி கட்டறது நானா?

உங்க பேச்சுல உண்மை இருக்கு தம்பி, அதுவும் நீங்க நினைக்கறதை விட அதிகமா.

1958ல இருந்து 1960 வரைக்கும் அமெரிக்காவுல இல்லினாய்ல ஒட்டாவாங்கற ஊர் பக்கத்துல, சோதனைக்குன்னே ரோடு போட்டு, அது மேல லாரிகளை ரெண்டு வருஷம் சுத்த விட்டு அளந்தாங்க, ஆஷோ ரோடு டெஸ்ட்னு பேரு. அதுல இருந்து வந்த கணக்குப்படி, ரோட்டுக்கு வர்ற சேதம் ஒரு அச்சு (ரெண்டு பக்க சக்கரத்தையும் சேக்கற தண்டு) மேல விழற எடையோட நாலாவது அடுக்குல ஏறும். அச்சு எடை ரெண்டு மடங்கு ஆனா சேதம் 2 x 2 x 2 x 2, அதாவது 16 மடங்கு. பத்து மடங்கு ஆனா சேதம் பத்தாயிரம் மடங்கு. ஒரு கார் அச்சு ஒரு டன்னு, ஒரு பார வண்டி அச்சு பத்து டன்னுன்னு வெச்சுப் பாருங்க, உங்க டூவீலரை கணக்குலயே எடுக்க வேண்டாம்.

அதனாலதான் அனுமதிச்ச எடையை விட கூட ஏத்திட்டுப் போறது வெறும் டிராஃபிக் குத்தம் கிடையாது, அது எல்லாரோட ரோட்டையும் தின்னற காரியம். பெட்ரோல் டீசல் வரி இந்தக் கணக்கை பிடிக்கவே பிடிக்காது, லாரி உங்களை விட பல மடங்கு எரிபொருள் குடிக்கும்தான், ஆனா பல ஆயிரம் மடங்கு குடிக்காதே. அதனால பார வண்டிக்கு தனி வரி கேக்கறது நியாயமான கோரிக்கை, தாராளமா கேளுங்க. ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது, லாரியே வராத முட்டுச் சந்து ரோடும் கெடுது, அது வெயிலும் தண்ணியும் பண்ற வேலை, அந்த செலவுல எல்லாருக்கும் பங்கு உண்டு.

கேள்வி: "ரோட்டுக்கு மட்டும்"னு சொல்லி புது வரி போடறாங்க. நம்பலாமா?

எழுத்துல என்ன இருக்குன்னு பாத்துட்டு நம்புங்க. பிரிட்டன்ல 1920ல வண்டி வரியை எல்லாம் ரோட்டுக்குன்னே தனியா ஒரு 'ரோடு ஃபண்ட்'ல போட ஆரம்பிச்சாங்க. 1926லயே அப்ப நிதியமைச்சரா இருந்த சர்ச்சில் அதுல இருந்து பணத்தை பொது கஜானாவுக்கு எடுத்துட்டார், 1937ல அந்த தனி ஒதுக்கீட்டையே முடிச்சுட்டாங்க. வண்டி வரி மட்டும் இன்னிக்கும் இருக்கு, அதை 'ரோடு வரி'ன்னு கூப்பிடறவங்களும் இருக்காங்க.

இந்தப் பக்கம் அமெரிக்காவுல ஒரேகான் மாநிலத்துல போர்ட்லாந்து நகரத்தைப் பாருங்க. 2016 மே மாசம் அந்த ஊர் மக்களே ஓட்டு போட்டு ஒரு காலன் (கேலன், கிட்டத்தட்ட 3.8 லிட்டர்) பெட்ரோலுக்கு 10 சென்ட் உள்ளூர் வரி ஏத்துக்கிட்டாங்க. நாலு வருஷத்துக்கு மட்டும்தான், எந்த வேலைக்கு போகும்னு பட்டியல் முன்னாடியே உண்டு, செலவை மேற்பார்வை பாக்க குடிமக்கள் குழு உண்டு, பார வண்டிக்கு தனியா ஒரு வரியும் வெச்சாங்க. 2020லயும் 2024லயும் திரும்ப ஓட்டுக்கு வந்து ரெண்டு தடவையும் ஜெயிச்சுது. ஜனங்க வரியை வெறுக்கறாங்கன்னு பொதுவா சொல்லுவாங்க, என் அனுபவத்துல கணக்கு காட்டாத வரியைத்தான் வெறுக்கறாங்க.

இன்னொரு நுணுக்கம். வரி ஒரு யூனிட்டுக்கு இத்தனை காசுன்னு நிலையா நின்னுட்டா விலைவாசி அதை மெல்ல அரிச்சுடும். அமெரிக்காவோட மத்திய பெட்ரோல் வரி 1993ல இருந்து காலனுக்கு 18.4 சென்ட்லயே நிக்குது, தாரும் ஜல்லியும் கூலியும் அப்படியே நின்னுச்சா? அதனால வரி போடும்போதே விலைவாசியோட சேந்து ஏறற மாதிரி விதி இருக்கான்னு கேக்கணும், முடியற தேதி இருக்கான்னும் கேக்கணும்.

கேள்வி: கடன் வாங்கி மொத்தமா எல்லா ரோட்டையும் போட்டுடலாம்னு மன்றத்துல ஒரு கட்சி, கடனே கூடாதுன்னு இன்னொரு கட்சி. எது சரி?

ஒரே ஒரு விஷயம் பாத்தா போதும், கடன் எத்தனை வருஷம், அதுல வர்ற ரோடு எத்தனை வருஷம். அடியில இருந்து புதுசா கட்டற ரோடு, வடிகாலோட சேத்து, 20 வருஷத்துக்கு மேல நிக்கும்னா 15 வருஷக் கடன்ல தப்பே இல்ல, ஓட்டற தலைமுறையே கட்டிட்டுப் போகட்டும். ஆனா ஏழெட்டு வருஷத்துல தேஞ்சு போற மெல்லிசான தார் அடுக்குக்கு 20 வருஷக் கடன் வாங்கினா, ரோடு போன அப்புறமும் வட்டி கட்டிட்டு இருப்பீங்க. விரிசல் அடைக்க, குழி மூட கடன் வாங்கவே கூடாது, அது வருஷா வருஷம் வர்ற வீட்டுச் செலவு மாதிரி.

இன்னொண்ணும் பாக்கணும், அந்தக் கடன் பணம் எந்த ரோட்டுக்கு போகும்னு. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல 2018ல விட்மர்ங்கறவர், ரோட்டை சரி பண்றேன்னு சொல்லியே கவர்னர் தேர்தல்ல ஜெயிச்சார். 2019ல காலனுக்கு 45 சென்ட் வரி ஏத்தலாம்னு கேட்டாங்க, சட்டமன்றம் ஒத்துக்கல. அதனால 2020 ஜனவரியில 350 கோடி டாலருக்கு கடன் பத்திரம் வெளியிட முடிவாச்சு, ஆனா அது மாநில நெடுஞ்சாலைக்கு மட்டும்தான், தெரு ரோட்டுக்கு கிடையாது. வீட்டு வாசல்ல குழியைப் பாத்து ஓட்டு போட்டவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கேள்வி: புது ரோடு போட்ட மறுமாசமே பைப் போடணும்னு வெட்டறாங்களே, இதுக்கு முடிவே இல்லையா?

இருக்கு. சான் பிரான்சிஸ்கோவுல புதுசா தளம் போட்ட தெருவை அஞ்சு வருஷத்துக்கு வெட்டக் கூடாதுன்னே விதி, அவசரத்துக்கு மட்டும் விலக்கு. ஆனா விதி மட்டும் போதாது. தண்ணி, சாக்கடை, கரண்ட், கேபிள்னு எல்லார்கிட்டயும் அவங்கவங்க அடுத்த அஞ்சு வருஷத் திட்டத்தை வாங்கி ரோடு பட்டியலோட ஒண்ணா வெச்சுப் பாக்கணும், முதல்ல அடியில உள்ள வேலை, அப்புறம் மேல தார். இந்த ஒரு கூட்டத்தை மாசா மாசம் நடத்தறதுக்கு பெரிய செலவும் கிடையாது, ஆனா நான் பாத்த வரைக்கும் முதல்ல ரத்தாகற கூட்டம் இதுதான், இது எனக்கு இன்னிக்கும் ஆத்தாமை.

வெட்டின இடத்தை மூடும்போது அடுக்கடுக்கா இறுக்கணும், மண்ணை மொத்தமா தள்ளிட்டு மேல தார் பூசினா ஒரே மழையில உள்வாங்கிடும்.

கேள்வி: ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் உயரம் ஏறி, இப்ப எங்க வாசல் ரோட்டை விட ஒரு அடி கீழ. மழை வந்தா வீட்டுக்குள்ள தண்ணி.

பழைய அடுக்கை சுரண்டி எடுத்துட்டு, அதாவது மில்லிங் பண்ணிட்டு, அதே அளவுக்குத்தான் புது அடுக்கு போடணும். சுரண்டி எடுத்த தார் ஜல்லியை திரும்பவும் கலவையில சேக்கலாம், அது குப்பை கிடையாது. எஸ்டிமேட்ல மில்லிங் இருக்கான்னு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாத்துடுங்க, ரோலர் வந்து நின்ன அப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல. மேன்ஹோல் மூடியும் புது மட்டத்துக்கு சரி பண்ணியிருக்கணும்.

கேள்வி: அண்ணா, அடுத்த வாரம் ரோடு பட்ஜெட் பத்தி மக்கள் கருத்து கேக்கற கூட்டம். எனக்கு மூணு நிமிஷம் தருவாங்களாம். காலேஜ் படிக்கறேன், முதல் தடவை பேசப் போறேன். எங்க தெரு குழி போட்டோ நிறைய இருக்கு, அதை காட்டட்டுமா?

போட்டோ ஒண்ணு போதும் தம்பி, அதுவும் குழி போட்டோ வேண்டாம். மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ரோட்டுல தண்ணி எங்க நிக்குதுன்னு ஒரு போட்டோ எடுங்க. குழி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஏன் அதே இடத்துல திரும்பத் திரும்ப வருதுன்னு அந்த போட்டோதான் சொல்லும். வடிகால் அடைச்சிருக்கும், இல்லன்னா ரோட்டுக்கு நடுவுல இருந்து ஓரத்துக்கு சரிவே இருக்காது.

பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேன்னு ஒரு நகரம், 1989ல இருந்து பட்ஜெட்ல ஒரு பங்கை எதுக்கு செலவு பண்ணணும்னு குடியிருக்கறவங்களே கூடி முடிவு பண்ண ஆரம்பிச்சாங்க, அங்க ஜனங்க கேட்டு வாங்கினதுல முக்கியமான ஒண்ணு தெருவுக்கு தளம் போடறது. பெரிய படிப்பு படிச்சவங்க மட்டும் போய் உக்காந்த கூட்டம் இல்ல அது. நீங்களும் தயங்காம பேசுங்க.

"எங்க தெருவுக்கு ரோடு போடுங்க"ன்னு ஆரம்பிச்சா உங்களை மனு வரிசையில வெச்சுடுவாங்க. அதுக்கு பதிலா, மொத்த ரோடு பணத்துல எவ்வளவு பங்கு காப்பாத்தற வேலைக்கு, எவ்வளவு பங்கு திரும்பக் கட்டற வேலைக்குன்னு கேளுங்க. ரோடு எல்லாம் கடைசியா எந்த வருஷம் அளந்தாங்க, அந்த மார்க்கு எங்க பாக்கலாம்னு கேளுங்க. போன வருஷப் பட்டியல்ல இருந்து எந்தெந்த தெரு முடியாம நின்னுச்சு, ஏன்னு கேளுங்க. கான்ட்ராக்டரோட பொறுப்புக் காலம் முடியறதுக்கு முன்னாடி யார் போய் ரோட்டை பாக்கறாங்கன்னும் கேளுங்க, ஏன்னா அந்தக் காலத்துக்குள்ள கண்டுபிடிச்சா அவர் செலவுல சரி பண்ணலாம், ஒரு நாள் தாண்டினாலும் நம்ம செலவு. நேரம் இருந்தா உங்க தெருவைப் பத்தி கடைசியா ஒரு வரி.

கேள்வி எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ரெண்டு காப்பி எடுத்துக்குங்க. ஒண்ணை பேசி முடிச்ச கையோட குடுத்துடுங்க, இன்னொண்ணுல வாங்கினதுக்கு கையெழுத்தும் தேதியும் வாங்கி வெச்சுக்குங்க. பதில் வந்தா எனக்கும் எழுதி அனுப்புங்க தம்பி, அடுத்த இதழ்ல அதை வெச்சு பேசலாம்.